இடைகழியில் ஓர் இடம்

சென்ற ஆண்டு மார்கழி பிறப்பதற்குச் சில நாட்கள் முன்பு கல்லூரி மாணவர்கள் ஐவர் மடத்துக்கு வந்திருந்தனர். வேலூரிலிருந்து திருப்பதிக்குச் சைக்கிளில் யாத்திரை செல்லவிருப்பதாகவும், வழியில் தனி அறை எதுவும் எடுக்காமல் சத்திரங்களிலும் பொதுக் கூடங்களிலுமே தங்கப் போவதாகவும் உற்சாகத்தோடு கூறினர். வணங்கி விடைபெறும் வேளையில் அவர்களுள் ஒருவர் கேட்டார்: "சுவாமிஜி, பேருந்தில் போய்த் தரிசனம் செய்வதைவிடச் சைக்கிளில் போய்த் தரிசனம் செய்தால் புண்ணியம் அதிகம்தானே?"

'அதிகமா?' என்று அவர் கேட்கவில்லை, 'அதிகம்தானே?' என்றார். பதில் அவரிடம் ஏற்கெனவே இருந்தது. என் ஒப்புதல் மட்டுமே அவருக்குத் தேவைப்பட்டது. "போய் வாருங்கள், திரும்பி வந்ததும் பேசுவோம்" என்று கூறி அனுப்பினேன். நான் பதிலைத் தள்ளிப்போட்டதற்குக் காரணம் உண்டு. அதே கேள்வியை, அதே பதிலோடு சுமந்துகொண்டு, அதே சாலையில் நானும் ஒரு காலத்தில் சென்றிருக்கிறேன்.

சந்நியாசி தன் பூர்வாசிரமத்தைப் பற்றிப் பேசுவது மரபன்று. தன் பெருமையைப் பேசலாகாது என்பதே அம்மரபின் உட்கருத்து. தவறை ஒப்புக்கொள்வதற்கு அது தடையாக இருக்க வேண்டியதில்லை என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

சித்தூர்ச் சாலை

அப்போது நான் தத்துவத்தில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். வைகுண்ட ஏகாதசிக்கு மூன்று நாட்கள் இருக்கையில், நண்பர்கள் மூவரும் நானுமாக வேலூரிலிருந்து அதிகாலையில் புறப்பட்டோம். இன்றைய மாணவர்களிடம் உள்ளவை போன்ற பல்வேகச் சைக்கிள்கள் அல்ல எங்களுடையவை. பால்காரர்கள் ஓட்டும் கனமான இரும்புச் சைக்கிள்கள். கேரியரில் ஒரு துணிப்பை, ஒரு போர்வை, காற்றடிக்கும் பம்பு, அவ்வளவே.

காட்பாடியைத் தாண்டிச் சித்தூர் சுமார் 35 கிலோமீட்டர். வழியெங்கும் கரும்புக் கொல்லைகளும் மாந்தோப்புகளும். வெல்லம் காய்ச்சும் பருவம் ஆதலால், காற்றில் பாகின் மணம் கலந்திருந்தது. சித்தூருக்கு அப்பால் பாறைக் குன்றுகள் நெருங்கி வர, சாலை ஏற்றமும் இறக்கமுமாக மாறியது. ஏற்றங்களில் எழுந்து நின்று மிதித்தோம். முடியாதபோது இறங்கித் தள்ளினோம். எங்களைக் கடந்து சென்ற பேருந்துகளின் ஜன்னல்களில் பயணிகள் தலை சாய்த்து உறங்கிக்கொண்டிருந்தனர். அவர்களைப் பார்த்தபோதெல்லாம் என்னுள் ஓர் இரகசிய மகிழ்ச்சி எழுந்தது. 'இவர்களும் திருமலைக்குத்தான் போகிறார்கள். ஆனால் நான் போவதுபோல் அல்ல' என்ற மகிழ்ச்சி அது. அதைப் பக்தி என்றே அன்று நினைத்திருந்தேன்.

நண்பகலில், சாலையிலிருந்து விலகிக் காணிப்பாக்கம் சென்றோம். கிணற்றில் சுயம்புவாகத் தோன்றிய விநாயகர் அங்கே வீற்றிருக்கிறார். அவர் முன்னிலையில் பொய்ச்சத்தியம் செய்ய யாரும் துணிவதில்லை. வழக்குகளும் பிணக்குகளும் அச்சந்நிதியில் செய்யும் பிரமாணத்தால் தீர்வது அவ்வட்டாரத்தின் நெடுநாள் வழக்கம். அருகே ஓடும் ஆற்றுக்குப் பாகுதா என்று பெயர். சங்கர், லிகிதர் என்ற இரு சகோதரர்களின் கதை அந்த ஆற்றோடு பிணைந்தது. மகாபாரதத்தின் சாந்தி பருவத்திலும் இக்கதை வருகிறது. தலபுராணம் அதை யாத்திரையாகச் சொல்கிறது: நெடுவழி நடந்து பசியாலும் களைப்பாலும் வாடிய தம்பி லிகிதர், பிறருடைய மரத்திலிருந்து ஒரு கனியைப் பறித்து உண்டுவிடுகிறார். "கேளாமல் எடுத்தது திருட்டு, அரசனிடம் சென்று தண்டனை பெற்று வா" என்கிறார் தமையன். அரசன் அவருடைய கைகளைத் துண்டிக்கிறான். பின்னர் ஆற்றில் மூழ்கி எழுந்தபோது கைகள் மீண்டும் வளர்ந்தன. பாகு என்றால் கை. கை தந்த ஆறு ஆதலால் பாகுதா.

கோயில் வாசலில் இக்கதையைக் கேட்டபோது, ஒரு கனிக்காகக் கைகளையே துண்டிப்பதா என்று நண்பர்களோடு வாதிட்டேன். பசித்தவன் எடுத்த பழம் எப்படித் திருட்டாகும் என்று, படித்த நீதி நூல்களையெல்லாம் துணைக்கு அழைத்துப் பேசினேன். அந்த வாதத்துக்கான விடை அன்று இரவே வரும் என்று எனக்குத் தெரியாது.

பாகாலாவில் ஓர் இரவு

இருட்டும் வேளையில் பாகாலாவை அடைந்தோம். காட்பாடியிலிருந்து திருப்பதி செல்லும் இரயில் பாதையிலிருந்து தருமாவரம் செல்லும் பாதை பிரியும் சந்திப்பு அது. அன்று சித்தூர் மாவட்டத்தில் இருந்த அவ்வூர், 2022-ஆம் ஆண்டு திருப்பதி மாவட்டம் புதிதாக அமைந்தபோது அதில் சேர்ந்தது. அன்று மட்டும் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் மிதித்திருந்தோம். திருப்பதிக்கு இன்னும் 40 கிலோமீட்டர் அளவில் இருந்தது. கோயிலை ஒட்டிய ஒரு பொதுச் சத்திரத்தில் இடம் உண்டு என்றார்கள்.

ஒரே நீண்ட கூடம். முன்புறம் ஒரு திண்ணை. ஏகாதசிக் கூட்டம் ஆதலால் கூடம் பெரும்பாலும் நிரம்பியிருந்தது. சைக்கிள்களைத் திண்ணையோரம் நிறுத்திவிட்டு, உட்சுவரை ஒட்டி இடம் பிடித்தோம். நண்பர்கள் படுத்த மாத்திரத்தில் உறங்கிவிட்டனர். நான் என் பையை ஒருபுறமும் நண்பனின் பையை மறுபுறமும் வைத்துக் கொண்டு, கால்களை நன்றாக நீட்டிப் படுத்தேன். தொடைகள் விண்விண்ணென்று வலித்தன. இருவர் படுக்கக்கூடிய இடம் என் ஒருவனிடம் இருந்தது.

ஒன்பது மணி இருக்கும். ஒரு முதியவரும் அவர் மனைவியும், ஐந்தாறு வயதுப் பேரனும் வந்து சேர்ந்தனர். முதியவருக்குக் கடுமையான இருமல். சத்திரத்துக் காவலர் டார்ச் விளக்கோடு உள்ளே வந்து, "கொஞ்சம் நகர்ந்து படுங்கள், வயதானவர் வந்திருக்கிறார்" என்று தெலுங்கிலும் தமிழிலும் சொல்லிக்கொண்டே நடந்தார். விளக்கின் ஒளி என்னை நோக்கி வந்தது. நான் கண்களை மூடிக்கொண்டேன்.

அந்த ஒரு கணத்தில் என் மனத்தில் ஓடிய எண்ணம் இன்றும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது: 'எண்பது கிலோமீட்டர் மிதித்திருக்கிறேன். இவர்கள் ஏதோ வண்டியில் வந்திருப்பார்கள். இந்த உறக்கம் எனக்கு உரியது.'

காவலர் சற்று நின்றார், பின் நகர்ந்துவிட்டார். தூங்குபவனை எழுப்பலாம், தூங்குவதுபோல் நடிப்பவனை எழுப்ப முடியாது என்று நம் ஊரில் சொல்வார்கள். கூடத்தின் நடுவில் படுத்திருந்த ஓர் அம்மையார் தம் பிள்ளைகளை ஒதுக்கி, அந்தச் சிறுவனை மட்டும் தம் பாயில் சேர்த்துக்கொண்டார். முதியவரும் மனைவியும் திண்ணைக்குப் போய் அமர்ந்தனர். மார்கழிப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. இருமல் சத்தம் நெடுநேரம் கேட்டது. பிறகு நான் உண்மையாகவே உறங்கிப்போனேன்.

விடியுமுன் எழுந்து சைக்கிளை எடுக்கச் சென்றபோது, எங்கள் நான்கு சைக்கிள்களின் இருக்கைகள் மீதும் ஒரு பழைய சாக்கு விரிக்கப்பட்டிருந்தது. முதியவர் தூணில் சாய்ந்து விழித்திருந்தார். என்னைப் பார்த்ததும் புன்னகைத்து, "நாயனா, நல்லாத் தூங்கினியா?" என்று கேட்டார். பிறகு, பனியில் இருக்கை நனைந்துவிடும் என்று சாக்கைப் போட்டதாகச் சொன்னார். "கள்ளன் கிள்ளன் வந்துட்டா பாவம் பிள்ளைங்க என்ன பண்ணும்? நாங்க எப்படியும் முழிச்சுதானே இருந்தோம், பாத்துக்கிட்டோம்."

நான் யாருடைய இடத்தை எடுத்துக்கொண்டேனோ அவரே இரவெல்லாம் என் உடைமைக்குக் காவலிருந்தார். "தூங்கினேன்" என்று மட்டும் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால், நடித்ததைச் சொல்ல வேண்டியிருக்கும். முந்தைய நண்பகலில் பொய்க்கு அஞ்சும் சந்நிதியில் நின்றவன், அன்று இரவே ஒரு சொல்லும் பேசாமல் பொய் சொல்லியிருந்தேன்.

அலிபிரியில் சைக்கிள்களை விட்டுவிட்டு, ஏறத்தாழ 3,550 படிகளும் ஏறினோம். முழங்கால் முறிச்சானில் கால் வலித்தபோது முன்போல் பெருமிதம் வரவில்லை. நெடுநேரம் வரிசையில் நின்று பெற்ற அந்தச் சில நொடித் தரிசனத்தில், பெருமாளின் திருமேனியில் மனம் நிற்கவில்லை. திண்ணையும் சாக்கும் அந்தக் கேள்வியும்தான் முன்னே நின்றன.

தவம் எது?

உடலை வருத்துவது தவமா? பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் பகவான் தவத்தை உடல், வாக்கு, மனம் என மூன்றாகப் பிரிக்கிறார். உடலால் செய்யும் தவத்தின் பட்டியலைப் பொறுமையாகப் படிப்பவருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. நெடுந்தூரம் நடப்பதோ, பசித்திருப்பதோ, குளிரில் கிடப்பதோ அதில் இல்லை. தெய்வத்தையும் பெரியோரையும் போற்றுதல், தூய்மை, நேர்மை, புலனடக்கம், பிற உயிரைத் துன்புறுத்தாமை ஆகியவையே உள்ளன. உடலுக்கு வரும் வருத்தத்தைக் கொண்டு கீதை தவத்தை அளக்கவில்லை. அந்த உடலைப் பிறர் முன்னிலையில் எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பதைக் கொண்டே அளக்கிறது. தன்னையும் தன்னுள் உறையும் ஈசனையும் வதைக்கும் கடுந்தவத்தை அது கண்டிக்கவும் செய்கிறது.

இந்தப் பட்டியலில் என் இரவை வைத்துப் பார்த்தேன். மூப்புக்குச் செய்ய வேண்டிய மரியாதை தவறியது. நேர்மை தவறியது, மூடிய இமைகளாலும் பொய் சொல்ல முடியும் அல்லவா? ஒரு நோயாளியைப் பனியில் இருத்தியதால் அகிம்சையும் தவறியது. எண்பது கிலோமீட்டரில் சேர்த்ததாக நான் நினைத்த தவம், கூடத்தின் ஆறடி நிலத்தில் எங்கே போயிற்று?

மதிப்பையும் பாராட்டையும் நாடிச் செய்யும் தவம் ராஜசம். அது நிலையற்றது என்பது அதே அத்தியாயத்தின் எச்சரிக்கை. பாராட்டுவோர் எதிரில் இருந்தால்தான் ராஜசம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பேருந்து ஜன்னல்களைப் பார்த்து நான் அடைந்த மகிழ்ச்சிக்கு வெளியிலிருந்து ஒரு பார்வையாளரும் தேவைப்படவில்லை. பாராட்டுபவனும் நானே, பாராட்டப்படுபவனும் நானே. சாதகன் மிகவும் அஞ்ச வேண்டிய ராஜசம் இதுதான்.

களைப்பு உரிமை ஆகுமா?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழலாம். களைத்தவன் உறங்க வேண்டாமா? உடலைப் பேணுவதும் தர்மம் அல்லவா? முந்தி வந்தவனுக்கு இடம் என்பதும் ஓர் ஒழுங்குதானே?

மறுப்பில் உண்மை உண்டு. அன்று எனக்கு உறக்கம் தேவைப்பட்டது, அதில் தவறில்லை. தவறு, தேவையை நான் உரிமையாக மாற்றிக்கொண்ட இடத்தில் நிகழ்ந்தது. களைப்பு 'எனக்கு ஓய்வு வேண்டும்' என்று சொல்லலாம். 'ஆகவே, மற்றவனுக்கு வேண்டாம்' என்று அதனால் சொல்ல முடியாது. லிகிதரின் பசி உண்மையானது. ஆனால் அந்தப் பசி, கனியை அவருடையதாக ஆக்கிவிடவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள், கேட்காததில்தான் குற்றம் இருந்தது. காணிப்பாக்கத்து வாசலில் நான் வாதிட்டு மறுத்த நீதி, பாகாலாவில் என் வழக்காகவே வந்து நின்றது. லிகிதர் அரசனிடம் தாமே நடந்து சென்று குற்றத்தைச் சொன்னார். எனக்கோ, திண்ணையில் அமர்ந்திருந்தவரிடம் சொல்லக்கூடத் துணிவு வரவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சைக்கிளில் செல்வது நானே தேர்ந்துகொண்ட துன்பம். எவ்வளவு தூரம், எந்த நாள், யாரோடு என்பதெல்லாம் என் விருப்பம். எனவே, துன்பத்திலும் 'நான்' என்பது சேதமின்றி இருந்தது. சொல்லப் போனால் கொழுத்தது. சத்திரத்தில் பக்கத்தில் படுப்பவரை நான் தேர்ந்துகொள்வதில்லை. அவருடைய இருமல், குறட்டை, மொழி, அழுகிற குழந்தை என எதுவும் என் திட்டத்தில் இல்லாதவை. அவரோடு அந்த இரவை எப்படிக் கழிக்கிறேன் என்பதில்தான் அகங்காரம் உண்மையில் உரசிப் பார்க்கப்படுகிறது. எல்லா உயிரிலும் ஒரே ஆன்மா என்பதைத் தேர்வில் பிழையின்றி எழுதி மதிப்பெண் பெற்றவன் நான். அந்த ஆன்மா இருமிக்கொண்டு வந்து இடம் கேட்டபோது, கண்ணை மூடிக்கொண்டேன்.

திருக்கோவலூர் மழை

வேங்கடத்தைப் பாடிய முதலாழ்வார் மூவரின் வரலாற்றில் வரும் ஓர் இரவை வைணவ மரபு போற்றிச் சொல்கிறது. மூவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஊர் ஊராகத் திருத்தலங்களைச் சேவித்து வந்த வழிப்போக்கர்கள். திருக்கோவலூரில் ஓர் இரவு பெருமழை. பொய்கையாழ்வார் ஒரு வீட்டின் குறுகிய இடைகழியில் ஒதுங்கிப் படுத்தார். சற்று நேரத்தில் பூதத்தாழ்வார் வந்து இடம் கேட்டார். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று முன்னவர் எழுந்து அமர்ந்தார். பின்னர் பேயாழ்வார் வந்தார். இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று அனைவரும் எழுந்து நின்றனர். அந்த இருளில் நான்காவதாக யாரோ புகுந்து நெருக்குவதை உணர்ந்தனர். ஒருவர் உலகையே விளக்காக்கினார், ஒருவர் அன்பையே விளக்காக்கினார், மூன்றாமவர் கண்டார்: நெருக்கியவன் இறைவன்.

கதையின் முடிவைத்தான் நாம் வழக்கமாகக் கொண்டாடுகிறோம். அதன் தொடக்கத்தில் உள்ள எளிய செயலைக் கவனியுங்கள். படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். மூன்று பேரும் நெடுவழி நடந்து களைத்தவர்களே. 'நான் முதலில் வந்தேன்' என்று பொய்கையார் சொல்லியிருந்தால் எந்தச் சட்டமும் அவரைக் குறை சொல்லியிருக்காது. ஆனால் அங்கே ஒரே ஒருவர்தான் இரவெல்லாம் உறங்கியிருப்பார். இறைவன் நெருங்கி நிற்க நெருக்கமே இருந்திருக்காது.

ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட், நாடுகளிடையே நிலைத்த அமைதியைப் பற்றி 1795-இல் எழுதிய நூலில், அந்நியனைப் பகைவனாக நடத்தாமல் ஏற்பது ஈகை அன்று, அவனுடைய உரிமை என்று வாதிடுகிறார். அதற்கு அவர் தரும் காரணம் மிக எளியது. பூமி உருண்டை, அதன் பரப்புக்கு எல்லை உண்டு. மனிதர்கள் முடிவின்றி விலகி விலகிப் போய்விட முடியாது. ஒருவரை ஒருவர் பொறுத்து அருகருகே வாழ்ந்தே ஆக வேண்டும். தொடக்கத்தில் பூமியின் எந்த இடத்திலும் இருப்பதற்கு ஒருவனைவிட மற்றொருவனுக்கு அதிக உரிமை இல்லை. வகுப்பறையில் இதைப் படித்தபோது ஒரு வாதமாகப் படித்தேன். பாகாலாவுக்குப் பிறகு படித்தபோது திருக்கோவலூர் நினைவுக்கு வந்தது. பூமியே ஓர் இடைகழிதான். நமக்கு முன் வந்தவர்கள் சற்று நகர்ந்ததால்தான் நாம் இங்கே இருக்கிறோம்.

சத்திரமும் விதிகளும்

நம் முன்னோர் இந்த உணர்வை ஒரு நிறுவனமாகவே ஆக்கினர். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, ஒரத்தநாட்டில் 1802-இல் முக்தாம்பாள் சத்திரத்தை ஏற்படுத்தினார். இராமேசுவரம் செல்லும் வழியிலிருந்த தம் சத்திரங்களில் எல்லா வகுப்பு யாத்திரிகர்களுக்கும் உணவளிக்கப்படுவதையும், நோயுற்றவர்களுக்கு மருத்துவம் பார்க்கப்படுவதையும் அவர் ஆங்கிலேய அதிகாரிகளுக்கு எழுதிய கடிதத்தில் விவரித்தார். எல்லாச் சத்திரங்களும் அந்த உயரத்தில் இருக்கவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பல இடங்களில் சாதிக்கொரு பந்தியும், சிலருக்கு வாசலோடு தடையும் இருந்தன. கூரை அமைப்பது எளிது. கூரையின் கீழ் சமமாக இருப்பது கடினம். திருமலையில் 1985-இல் தொடங்கிய அன்னதானத் திட்டம் இன்றும் நடந்து வருகிறது. சித்தூர்ச் சீமையின் தரிகொண்டாவில் பிறந்த பக்தகவி வெங்கமாம்பாவின் பெயர் தாங்கிய, 2011-இல் திறக்கப்பட்ட அன்னப்பிரசாதக் கூடத்தில், பக்கத்து இலைக்காரர் யாரென்று எவரும் கேட்பதில்லை. இலவசத் தங்கும் கூடங்களிலும் அப்படியே. அந்த வகையில் நாம் முன்னேறியிருக்கிறோம்.

பிற நாட்டுச் சமயத்தாரும் இதே சிக்கலைச் சந்தித்துள்ளனர். ஸ்பெயின் நாட்டின் வடமேற்கில் உள்ள சந்தியாகோ என்னும் கிறிஸ்தவத் தலத்துக்கு ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் நடந்தும் சைக்கிளிலும் செல்கின்றனர். வழிநெடுகிலும் பொதுத் தங்குமிடங்கள் உண்டு. ஒரே கூடத்தில் அடுக்குக் கட்டில்கள். யாத்திரைச் சான்றிதழ் பெற, நடப்போர் குறைந்தது 100 கிலோமீட்டரும், சைக்கிளில் வருவோர் 200 கிலோமீட்டரும் கடந்திருக்க வேண்டும். அப்பகுதியின் அரசுத் தங்குமிடங்களில் நடந்து வருபவருக்கே முன்னுரிமை. சைக்கிளில் வருபவர் அதன் பிறகே. நடப்பவருக்கு அடுத்த ஊரை எட்டுவது கடினம், சக்கரம் உள்ளவருக்கு அவ்வளவு கடினமன்று என்பது இதிலுள்ள நியாயம். பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தலத்தின் வழிகாட்டி நூல், யாத்திரிகரை எப்படி வரவேற்க வேண்டும் என்ற அத்தியாயத்தோடுதான் முடிகிறது.

இவ்விதிகள் நல்லவை, தேவையானவை. கூட்டம் பெருகும் இடத்தில் விதி இல்லாவிட்டால் வலியவனே படுப்பான். ஆனால் கட்டில் யாருக்கு என்பதைத்தான் விதி சொல்லும். காவலரின் விளக்கு நெருங்கும்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொள் என்று எந்த விதியாலும் ஆணையிட முடியாது. அங்கே மனிதன் தனியாக இருக்கிறான். தர்மம் பெரும்பாலும் அத்தகைய இடங்களில்தான் நம்மைச் சந்திக்கிறது.

சிறியவரைத் தேடியவர்

திருமலையோடு இணைந்த இன்னொரு நிகழ்ச்சியைச் சொல்லி நிறைவு செய்யலாம். இராமானுஜர் முதன்முறை திருமலை ஏறியபோது, அவருடைய தாய்மாமனும் ஆசாரியருமான பெரிய திருமலை நம்பிகள், முதிர்ந்த வயதில் தாமே பிரசாதத்தைச் சுமந்து எதிர்கொண்டு வந்தார். பதறிப்போன இராமானுஜர், இதைக் கொண்டுவரச் சிறியவர் எவரும் கிடைக்கவில்லையா என்று கேட்டார். நான்கு வீதியும் தேடிப் பார்த்ததாகவும், தம்மைவிடச் சிறியவர் ஒருவரும் அகப்படவில்லை என்றும் நம்பிகள் மறுமொழி தந்தார்.

நம்பிகள் தம்மைத் தாழ்த்திக்கொண்டதாக இதைப் படிக்கிறோம். அவர் பிறரை எப்படிப் பார்த்தார் என்பதும் இதில் இருக்கிறது. வீதியில் கண்ட ஒவ்வொருவரிடமும் தம்மைவிட உயர்ந்த ஏதோ ஒன்று அவர் கண்ணுக்குத் தெரிந்தது. பேருந்து ஜன்னலில் தலை சாய்த்து உறங்கியவர்களை நான் பார்த்த பார்வைக்கு நேர் எதிரான பார்வை அது. அவர்களுள் எத்தனை பேர் முந்தைய இரவு முழுவதும் ஒரு நோயாளியின் அருகே விழித்திருந்தவர்களோ, எனக்கென்ன தெரியும்?

ஆகவே, யாத்திரை செல்லும் இளைஞர்களுக்கு என் விண்ணப்பம் இதுவே. சைக்கிளில் செல்லுங்கள். உடல் உறுதி பெறும். ஊரும் மண்ணும் கண்ணில் படும். வேகத்தில் மறையும் பல உண்மைகள் மிதிக்கும் வேகத்தில் தெரியும். பொதுக் கூடங்களில் தங்குங்கள். பாயின் அகலத்துக்கு மேல் இடத்தைப் பிடிக்காதீர்கள். கூடுதலாக ஒரு போர்வை கொண்டு செல்லுங்கள். அது உங்களுக்காக அன்று. கடைசியாக வருபவரை முதலில் விசாரியுங்கள். எத்தனை கிலோமீட்டர் கடந்தீர்கள் என்பதை, யாரும் கேட்காதவரை சொல்லாதீர்கள். உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வதையும் குறைத்துக்கொள்ளுங்கள். உதவி பெற நேர்ந்தால் கூசாமல் பெற்றுக்கொள்ளுங்கள். தவறு செய்துவிட்டால், அன்றே, அவரிடமே சொல்லிவிடுங்கள். இருபது ஆண்டுகள் கழித்துப் பத்திரிகையில் எழுதினால் அந்த முதியவர் படிக்கப் போவதில்லை.

அந்த மாணவர்கள் தை மாதத்தில் மடத்துக்கு மீண்டும் வந்தனர். முகம் கறுத்திருந்தது, கண்களில் ஒளி இருந்தது. புண்ணியத்தைப் பற்றிக் கேட்ட மாணவர் இம்முறை சற்று அமைதியாக இருந்தார். யாத்திரை எப்படி இருந்தது என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்:

"முதல் நாள் ராத்திரி நாங்கள் போய்ச் சேரத் தாமதமாகிவிட்டது, சுவாமிஜி. கூடத்தில் இடமே இல்லை. ஒரு பெரியவர் எழுந்து உட்கார்ந்து, தம் பாயில் பாதியை எனக்குக் கொடுத்தார். நான் எங்கிருந்து வருகிறேன், எதில் வந்தேன் என்று அவர் கேட்கவே இல்லை."

பழைய கேள்வியை அவர் மீண்டும் கேட்கவில்லை. நானும் நினைவூட்டவில்லை.